கனடா பிளேயர் ஏன் இழுத்துப் பாடுது?

கேள்வி: அண்ணே, மாமா கனடாவில இருந்து பழைய பெல்ட் டிரைவ் ரெக்கோட் பிளேயர் ஒண்டு கொண்டந்து தந்தவர். 230 வோல்ட்டை 120 ஆக்குற டிரான்ஸ்போமர் போட்டுத்தான் ஓட்டுறன், ஆனா பாட்டெல்லாம் இழுவையாக் கிடக்கு, குரலும் தடிச்சுக் கேக்குது. நல்ல மோட்டரும் பவர் சப்ளையும் மாத்தினா சத்தம் திருந்தும் எண்டு கூட்டாளி சொல்றார். மாத்தவா?
- வாசகர், கல்முனை

பதில்: தம்பி, கொஞ்சம் பொறுங்க, மோட்டரைக் கழட்டிப்போடாதீங்க. முதல்ல ரெக்கோட் ஓரத்தில சின்னக் கடதாசித் துண்டொண்டை ஒட்டி, 3 நிமிசத்தில எத்தின சுத்து வருது எண்டு எண்ணுங்க. நிமிசத்துக்கு 33⅓ சுத்து சுத்துற ரெக்கோட் எண்டா சரியா 100 வரணும். உங்கடதில 83 கிட்டத்தான் வரும் எண்டு நினைக்கிறன்.

ஏனெண்டா டிரான்ஸ்போமர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை, அதாவது கரண்ட் செக்கனுக்கு எத்தின தரம் முன்னும் பின்னுமா அலையுது எண்ட கணக்கை, ஒண்டும் செய்யாது. கனடாவில கரண்ட் 60 ஹேர்ட்ஸ், நமக்கு 50. அந்தக் காலத்துப் பிளேயர்கள் நிறையத்தில இருக்கிறது சிங்க்ரனஸ் மோட்டர், அது ஹேர்ட்ஸைப் பாத்துத்தான் சுத்தும், அதால 33⅓ சுத்தவேண்டிய தட்டு 28க்கும் குறைவாத்தான் சுத்துது, அஞ்சு கட்டையில பாடினவர் மூண்டு கட்டையில பாடுறமாதிரி இறங்கிரும், 3 நிமிசப் பாட்டும் 3 நிமிசம் 36 செக்கன் இழுபடும். மோட்டர் அடியில 60 ஹேர்ட்ஸ் எண்டு மட்டும் அடிச்சிருந்தா சூடும் கூட வரும், கையை வச்சுப் பாருங்க. டிசி மோட்டர் எண்டா கதை வேற, அதுக்கு ஸ்பீட் திருத்துற சின்னத் திருகாணி உள்ளுக்க இருக்கும்.

மலிவான வழி 50 ஹேர்ட்ஸ் புல்லி (மோட்டர் அச்சில பெல்ட் ஓடுற சின்னச் சில்லு), இருக்கிறதை விட அஞ்சில ஒரு பங்கு பருமன் கூட. அதோட புதுப் பெல்ட்டும் போடுங்க, நம்மட வாவிக்கரைப் புழுக்கத்துக்கு ரப்பர் கெதியாத் தளந்து வழுக்கும். தட்டு சுத்துற அச்சைத் துடைச்சு ரெண்டு சொட்டு எண்ணெயும் விடுங்க.

காசிருந்தா தனிப் பவர் சப்ளை நல்லம்தான், அதை நான் மறுக்கல்ல. அது வீட்டுக் கரண்டை வாங்கி, தானே சுத்தமான 60 ஹேர்ட்ஸ் செஞ்சு மோட்டருக்குக் குடுக்கும், அப்ப புல்லியும் மாத்தத் தேவையில்ல, 45 சுத்து ரெக்கோட்டுக்கு 81 ஹேர்ட்ஸ் குடுத்தாச் சரி, பெல்ட்டைத் தூக்கி மாத்துற வேலையும் இல்ல. ஸ்கொட்லாந்து லின் கம்பனி தன்ர எல்பி12 பிளேயருக்கு 1982இல வல்ஹாலா எண்டும் 1990இல லிங்கோ எண்டும் பவர் சப்ளை போட்டது, கரண்டைத் தானே செஞ்சு குடுக்கிற இந்த வழியிலதான். தட்டு ஓடத் தொடங்கினதும் வோல்ட்டைக் குறைக்கிற சப்ளை எண்டா இன்னும் விசேசம், மோட்டர்ட நடுக்கம் குறையும், அந்த நடுக்கம்தான் பெட்டி வழியா ஊசிக்கு ஏறி அடியில உறுமலாக் கேக்கிறது. கல்லடியில என்ட வீட்ட ஒருக்கா கரண்ட் போன நேரம் சதுர அலை இன்வேட்டர்ல (பட்டரியில இருந்து வழுவழுப்பில்லாத கரண்ட் குடுக்கிற மலிவுப் பெட்டி) ஓட்டிப் பாத்தன், மரப்பெட்டியில விரலை வச்சா தேனீக்கூடு மாதிரி அதிருது, வீணையில நீட்டுக்கு வாற சுரமெல்லாம் கரகரத்துப் போச்சு. திரும்ப ஒழுங்கான கரண்ட்ல போட்டதும் அந்தச் சுரம் அசையாம நிண்டிச்சு. பவர் சப்ளையால வாற மாத்தம் அதுதான், நீட்டுச் சுரத்திலதான் பிடிபடும். ஊசி தேஞ்ச இரைச்சலை அது திருத்தாது.

மோட்டரையே மாத்துறது கடைசி வேலை, இப்ப இருக்கிறதுல அச்சு ஆடுதெண்டா மட்டும் பாருங்க. எண்ணிப் பாத்திட்டு எத்தின சுத்து வந்ததெண்டு எழுதுங்க, மோட்டர் அடியில இருக்கிற எழுத்தையும் படமெடுத்து அனுப்புங்க, புல்லி அளவைக் கணக்குப் பாத்துச் சொல்றன்.