வாசகர் கேள்வி–பதில்: தெளிந்த வானும் மலைக்குளிரும்

கேள்வி: நண்பர்கள் நால்வர் தை மாதத்தில் ஹோட்டன் சமவெளியில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்க எண்ணியுள்ளோம். காலபோக வயலுக்கு இரவுக் காவல் இருந்து பழகிய எங்களுக்கு அந்தக் குளிர் பெரிதாகத் தெரியுமா? நட்சத்திரங்கள் இங்கிருப்பதைவிடக் கூடுதலாகத் தென்படுமா?
– வாசகர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: குளிர் பெரிதாகவே தெரியும். உயரம் 1,000 மீற்றர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. சமவெளி 2,100 மீற்றர் அளவு உயரத்தில் இருப்பதால், கிளிநொச்சியில் 22 பாகையாக உள்ள இரவில் அங்கே 8 பாகையை எதிர்பார்க்கலாம். ஆனால் மேகமற்ற இரவில் நிலம் பகலில் பெற்ற வெப்பத்தைத் தடையின்றி விண்வெளிக்கு இழப்பதாலும், குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குவதாலும், சில நாட்களில் புல்லின் மேல் உறைபனியே படிந்துவிடுகிறது. நீங்கள் தேடிப் போகும் நட்சத்திர இரவுதான் மிகக் குளிரான இரவாகவும் இருக்கும். ஆகவே கூடாரத்தைப் பள்ளத்திலோ ஓடைக்கரையிலோ அடிக்காமல், அனுமதிக்கப்பட்ட இடத்துக்குள் சற்று மேடான பகுதியைத் தெரிவுசெய்யுங்கள்.

மேலே போர்ப்பதைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். கீழே விரிப்பதை மறந்துவிடுகிறார்கள். காவல் கொட்டிலில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் சாக்கு விரித்துப் படுத்திருப்பீர்கள் அல்லவா? வைக்கோலுக்குள் அடைபட்ட காற்றே உடற்சூடு நிலத்துக்குள் இறங்காமல் காத்தது. மலையில் அந்த வேலையைத் தடித்த நுரைப்பாய் செய்யும். தரப்பாள் ஈரத்தைத் தடுக்குமே தவிர, குளிரைத் தடுக்காது. நடக்கும்போது வியர்வையில் நனைந்த உடையை மாற்றிவிட்டு, இரவுக்கென்று தனியாகப் பொதிந்து வைத்த காய்ந்த உடையையும் கம்பளித் தொப்பியையும் அணிந்து படுங்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் தணற்சட்டியையோ காஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். அதிலிருந்து எழும் காபனோரொட்சைட்டுக்கு மணமோ நிறமோ இல்லாததால், உறங்குபவர் அறியாமலே உயிர் போய்விடும்.

1988 முதல் தேசிய பூங்காவாக உள்ள இடம் என்பதால், வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள்.

இனி வானத்துக்கு வருவோம். நகர வெளிச்சத்திலிருந்து விலகிய வன்னிக் காடுகளின் வானமே மிகவும் இருண்டது என்பதால், கொழும்பிலிருந்து வருபவர் அடையும் வியப்பு உங்களுக்கு அதே அளவில் இராது. ஆயினும் நம் தை மாத இரவுகளில் அடிவானத்தை மறைக்கும் ஈரப்புகாரும் தூசும் அங்கே பெரும்பாலும் காலடிக்குக் கீழே தங்கிவிடுவதால், தாழ்வாக உள்ள நட்சத்திரங்களும் துலக்கமாகத் தெரியும். அமாவாசையை ஒட்டிய நாளைத் தெரிவுசெய்யுங்கள். கண் இருளுக்குப் பழக அரைமணி நேரம் வரை தேவைப்படும். அதற்குள் ஒருவர் கைத்தொலைபேசியைத் திறந்தாலும் எல்லோரும் மீண்டும் முதலிலிருந்தே காத்திருக்க நேரும். முன்னிரவில் கார்த்திகையும் ரோகிணியும் திருவாதிரையும் உச்சிக்கு அருகே நிற்கும். தெற்கே அகத்திய நட்சத்திரம் இங்கு காண்பதைவிட ஏறக்குறைய இரண்டரைப் பாகை உயர்ந்திருக்கும். தென்சிலுவை நன்கு நிமிர்ந்து நிற்பதைக் காண அதிகாலை நான்கு மணிக்கு எழ வேண்டும். குளிர் உச்சத்தை நெருங்கும் நேரமும் அதுதான் என்பதால், சுடச்சுடத் தேநீர் நிரப்பிய பிளாஸ்க் ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.