ஆர்டர் வருகிறது, பணம் எப்போது வரும்? – தொழில் கேள்வி பதில்

(கடிதங்களில் கணக்கு விவரங்கள் இருப்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.)

கேள்வி: பெட்ஷீட், திரைச்சீலை தயாரித்து ஒரு கடைத்தொடருக்குக் கொடுக்கிறோம். ஆண்டு விற்பனை 3 கோடி, அதில் 10 சதவீதம் லாபமாக நிற்கிறது. அடுத்த ஆண்டு இருமடங்கு சரக்கு கேட்கிறார்கள். நூலுக்கு 15 நாள் கடன் உண்டு. அவர்கள் 60 நாளில் பணம் தருவார்கள். தறிக்கும் ஆளுக்கும் குறைவில்லை. துணிந்து இறங்கலாமா? – வாசகர், கரூர்

பதில்: தறியையும் ஆளையும் எண்ணிவிட்டீர்கள், நடப்பு மூலதனத்தை, அதாவது சரக்கிலும் பாக்கியிலும் முடங்கும் பணத்தை, எண்ணவில்லை. நூல் வந்து இறங்கியதிலிருந்து சரக்கு வண்டி ஏறும் வரை 45 நாள் என்று வைத்துக்கொள்வோம். சாயப்பட்டறையில் வரிசை நீண்டால் இன்னும் கூடும். அதோடு 60 நாளைச் சேர்த்து, நூல்காரர் பொறுக்கும் 15 நாளைக் கழித்தால், உங்கள் காசு 90 நாள் வெளியே நிற்கிறது. இப்போதைய ஆண்டுச் செலவு 2.70 கோடியில் 90 நாள் பங்கு ஏறத்தாழ 67 லட்சம். விற்பனை 6 கோடியானால் அது 1.33 கோடி. இது தோராயம்தான், கூலிக்குக் கடன் இல்லாததால் ஒரு பக்கம் கூடும், செலவு 45 நாளிலும் பரவி விழுவதால் மறுபக்கம் குறையும். எப்படிப் பார்த்தாலும் 60 லட்சத்துக்கு மேல் புதிதாக உள்ளே போக வேண்டும். கூடுதல் லாபமோ ஆண்டுக்கு 30 லட்சம், அதுவும் வட்டிக்கும் வரிக்கும் முன்னால். கை நிறைய ஆர்டர் வைத்துக்கொண்டு சனிக்கிழமை கூலிக்கு அலையும் யூனிட்டுகள் இப்படித்தான் உருவாகின்றன.

வங்கியில் சிறு தொழிலுக்கு வழக்கமான கணக்கு: எதிர்பார்க்கும் விற்பனையில் 25 சதவீதம் நடப்பு மூலதனத் தேவை, அதில் 20 வங்கி தரும், 5 உங்கள் கைப்பணம். 6 கோடிக்கு வங்கி 1.20 கோடி, நீங்கள் 30 லட்சம். லிமிட் (கடன் உச்சவரம்பு) கிடைத்துவிட்டதே என்று முழுவதையும் எடுத்துவிட முடியாது. கையிருப்புச் சரக்கும் வரவேண்டிய பாக்கியும் எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் எடுக்க விடுவார்கள். 90 நாளைத் தாண்டிய பாக்கியைப் பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. சி.சி. எனப்படும் இந்த நடப்பு மூலதனக் கடனில் தறி மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதற்கு, தவணையில் அடைக்கும் டேர்ம் லோன் இருக்கிறது.

அந்த 60 நாளில் கை வையுங்கள். உத்யம் (மத்திய அரசின் சிறு தொழில் பதிவு) உள்ள சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 2023-24 நிதியாண்டு முதல், கெடு தாண்டிய பாக்கியை வாங்குபவர் உண்மையில் கட்டிய ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். ஆகவே, மார்ச் மாதத்தில் அவர்கள் கணக்குப் பிரிவே உங்கள் பக்கம் பேசும். 45 நாள் ஆனாலே உங்கள் தேவை 1.33 கோடியிலிருந்து 1.11 கோடிக்கு இறங்கும். அவர்கள் விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் என்றால் டிரெட்ஸ் எனும், பில்லை வங்கிக்கு விற்று முன்கூட்டியே பணம் பெறும் இணையத் தளத்தில் பதிவு செய்திருப்பது கட்டாயம். பில்லை அதில் ஏற்றி, அவர்கள் ஒப்புக்கொண்டால் வங்கி ஏலத்தில் எடுத்துக்கொள்ளும்; பின்னால் அவர்கள் கட்டாவிட்டாலும் உங்களிடம் திருப்பிக் கேட்க முடியாது.

முதல் ஆண்டு 4.5 கோடியோடு நிறுத்துங்கள் என்பதே என் கருத்து. கூடுதல் தேவை சுமார் 33 லட்சத்தில் அடங்கும். ஒரே ஆளுக்கு 6 கோடி சரக்கு கொடுப்பவர் அடுத்த விலைப் பேச்சில் வாய் திறக்க முடியாது.

கேள்வி: எங்கள் பிரியாணிக் கடைக்கு மூன்று பேர் பிரான்சைஸ் (எங்கள் பெயரில் கடை நடத்தும் உரிமை) கேட்கிறார்கள். கொடுக்கலாமா? – வாசகி, மதுரை

பதில்: நீங்கள் கல்லாவில் உட்காராத இரண்டாவது கடை ஒன்று உங்களுக்கு ஓடுகிறதா? இல்லையென்றால் இப்போது வேண்டாம். மாஸ்டர் கையளவில் போடும் மசாலாவை கிராமில் எழுதி, வேறொரு மாஸ்டரை வைத்து அதே ருசி வருகிறதா பாருங்கள். பிறகு எடுப்பவர் கணக்கைப் போடுங்கள். அவர் 30 லட்சம் முதல் போட்டு மாதம் 5 லட்சம் விற்கிறார். 12 சதவீதம் மிஞ்சுகிறது. அதிலிருந்து, விற்பனையில் 6 சதவீதம் பெயருக்கான ராயல்டி, 2 சதவீதம் விளம்பரம் என்று நீங்கள் எடுத்தால் அவருக்கு மாதம் 20,000. போட்ட பணத்துக்கு 10 சதவீத வட்டியே 25,000 ஆகிறது. அவர் அரிசியில்தான் கை வைப்பார், கெடுவது உங்கள் பெயர். அதற்குள் கடைப் பெயரை உணவகங்களுக்கான 43ஆம் வகுப்பில் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி: ராயல் என்ஃபீல்டு வைத்திருக்கும் ஐஷர், ஓடிக்கொண்டிருந்த டிராக்டர் தொழிலை ஏன் விற்றது? இருப்பதை விற்றுவிட்டு வளர முடியுமா? – வாசகர், சென்னை

பதில்: ஐஷருக்கு டிராக்டர்தான் பூர்வீகம், 1959-லேயே ஃபரிதாபாதில் டிராக்டர் செய்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் செருப்பு, ஆடை உட்படச் சுமார் 15 தொழில்கள் அந்தக் குழுமத்தில் இருந்தன. எதிலும் முதலிடம் இல்லை. சித்தார்த்த லால் பொறுப்புக்கு வந்ததும் மோட்டார் சைக்கிள், லாரி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டார். டிராக்டர் 2005-ல் சென்னை டாஃபே நிறுவனத்துக்குப் போனது. 2008-ல் லாரிக்கு வோல்வோவுடன் கூட்டு. 2009-ல் கிளாசிக் வண்டி, அதன் பின் ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகள். 2024-25-ல் என்ஃபீல்டு விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது.

ஒருவர் விற்ற அதே தொழிலை இன்னொருவர் வாங்கி வளர்ந்தார் என்பதுதான் இதில் எனக்குச் சுவாரசியம். டாஃபேக்கு மேசி பெர்குசன் டிராக்டர் ஏற்கெனவே இருந்தது. டீலர், உதிரிபாகம், விவசாயக் கடன் என எல்லாம் கைவந்த கலை. ஐஷர் பெயரையும் அழிக்காமல் தனியாகவே விற்றார்கள். ஐஷர் அதே டிராக்டரை முன்னுக்குக் கொண்டுவர நினைத்திருந்தால் மோட்டார் சைக்கிளுக்கு வேண்டிய பணமும் பொறியாளர்களும் அதில் கரைந்திருப்பார்கள். ஆனால் விற்றதால் மட்டும் என்ஃபீல்டு எழுந்துவிடவில்லை. எண்ணெய் கசியும் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினை மாற்ற வருடக்கணக்கில் உழைத்த பிறகே கூட்டம் வந்தது.

கேள்வி: பக்கத்து ஆஃப்செட் அச்சகம் 40 லட்சத்துக்கு விலைக்கு வருகிறது. தனிநபர் தொழில், நான்கு கலர் மெஷின், 9 ஆட்கள். வாங்கலாமா? – வாசகர், சிவகாசி

பதில்: தொழிலை அப்படியே வாங்குகிறீர்களா, மெஷினை மட்டுமா? அப்படியே வாங்கினால் பழைய ஜி.எஸ்.டி. பாக்கிக்கும் பி.எஃப். பாக்கிக்கும் விற்றவரோடு சேர்ந்து நீங்களும் பொறுப்பு. ஆட்கள் தொடர்ந்தால் அவர்கள் பழைய சர்வீஸும் உங்கள் தலையில் வரும். மாதம் 20,800 வாங்கும் ஒருவர் 12 ஆண்டு வேலை பார்த்திருந்தால், கிராஜுவிட்டி சட்டம் பொருந்தும் பட்சத்தில், அது மட்டும் 1.44 லட்சம். இதை விலையில் கழியுங்கள். மெஷினை மட்டும் வாங்கினால் ஜி.எஸ்.டி. உண்டு, அதை உங்கள் வரியில் கழிக்க கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வாடிக்கையாளர் வருவார் என்று சொல்ல முடியாது.

உங்கள் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று: ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் (மாதிரிப் படத் தொகுப்பு) வெளியிட்டு அவர் வாங்கிய அட்வான்ஸ். பணம் அவரிடம் இருக்கும், அச்சடித்துக் கொடுக்கும் கடமை உங்களிடம் வரும். அட்வான்ஸ் பட்டியலை வாடிக்கையாளர்வாரியாக எழுதி வாங்கி, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.

மெஷினை இம்ப்ரெஷன் கவுன்டரை (இதுவரை அடித்த எண்ணிக்கை காட்டும் கருவியை) மட்டும் பார்த்து எடைபோடாதீர்கள். முழுத் தாளில் 2,000 சீட் ஓட்டுங்கள். மெதுவாக ஓடும்போது சரியாக விழும் ரிஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது), வேகம் கூட்டியதும் விலகினாலோ புள்ளி இரட்டையாக விழுந்தாலோ தாளைப் பிடிக்கும் கிரிப்பர் அல்லது பேரிங் தேய்ந்திருக்கும். மெஷின் பேரில் வங்கிக் கடன் இருக்கிறதா என்று அடமானங்களைப் பதியும் செர்சாய் பதிவேட்டில் தேடுங்கள்.

விற்றவர் அடுத்த தெருவில் புதுக் கடை போடக்கூடாது என்றால், குட்வில்லுக்கு (தொழிலின் நற்பெயருக்கும் வாடிக்கையாளர் பழக்கத்துக்கும்) ஒரு தொகை போட்டு அதை விற்றதாக ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் தொழில் செய்யத் தடை போடும் ஷரத்து செல்லாது. குட்வில் விற்பனைக்கு மட்டும், நியாயமான எல்லைக்குள், விதிவிலக்கு உண்டு. 40-ல் 28 லட்சத்தை இப்போது கொடுத்து, 12 லட்சத்தை ஓராண்டு நிறுத்தி வையுங்கள். பழைய பாக்கி நோட்டீஸ் வந்தால் அதிலிருந்து கழியும் என்று ஷரத்து வேண்டும். அவர் இதற்கு ஒப்பவில்லை என்றால் மெஷினுக்கு மட்டும் விலை பேசுங்கள்.