சாக்கடல் சேறு, சொக்கிகுளம் ரேட்டு

கேள்வி: மதுரை சொக்கிகுளத்தில் ஒரு அழகு நிலையத்தில் சாக்கடல் சேறு என்று பூசுகிறார்கள். ஒரு தடவைக்கு 3,000 ரூபாய். பத்துத் தடவை வந்தால் என் கணவரின் சோரியாசிஸ் தோல் நோய் அடியோடு போய்விடுமாம். அந்தச் சாக்கடல் தண்ணீருக்கு அப்படி என்ன மகிமை? நம்பலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: மகிமை உண்டு. அது சொக்கிகுளத்துக்குப் பார்சலில் வராது.

இஸ்ரேலுக்கும் ஜோர்டானுக்கும் நடுவே, பூமி பிளந்து இறங்கிய பள்ளத்தில், கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது சாக்கடல். ஜோர்டான் ஆறு உள்ளே வரும். வெளியே போக வழி கிடையாது. வெயில் தண்ணீரை மட்டும் கொண்டுபோகும், உப்பு தங்கிவிடும். சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அங்கே 340 கிராம் வரை. தூத்துக்குடி உப்பளத்தில் இதையே சின்ன அளவில் பார்க்கலாம். பாத்தியில் முதலில் சாப்பாட்டு உப்பு இறங்கும். அதை வாரிய பிறகு பிசுபிசுவென்று ஒரு கசப்பு நீர் மிஞ்சும். மக்னீசியம் அதில்தான். சாக்கடலும் ஏறக்குறைய அந்தக் கசப்பு நீர்தான்: கரைந்த உப்பில் பாதி மக்னீசியம் குளோரைடு, சாப்பாட்டு உப்பு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பக்கத்தில் நிற்கும் சோதோம் மலையோ பெரும்பாலும் கல்லுப்பு!

சரி, சோரியாசிஸுக்கு வருவோம். அங்கே போனவர்களில் பலருக்குத் தோல் தெளிவது உண்மை. ஆனால் அவர்கள் டாக்டர் கண்காணிப்பில் மூன்று நான்கு வாரம் தங்கி, தினமும் தண்ணீரில் மிதந்து, வெயிலில் கிடக்கிறார்கள். பெரிய வேலை செய்வது வெயில்தான். அவ்வளவு பள்ளத்தில் தலைக்கு மேல் காற்று அதிகம். தோலைச் சுடும் கதிர் கொஞ்சம் வடிகட்டப்பட்டு வருவதால் கூடுதல் நேரம் தாங்க முடிகிறது. அந்த வெயிலை யார் டப்பாவில் அடைத்து அனுப்புவது? அதற்காகச் சித்திரை வெயிலில் கணவரை மொட்டை மாடியில் படுக்க வைத்துவிடாதீர்கள். தோல் வெந்தால் சோரியாசிஸ் கூடும்.

அப்படித் தெளிந்தவர்களிலும் பலருக்குச் சில மாதங்களில் திரும்பி வருகிறது. அடியோடு போக்கும் மருந்தே இல்லாத நோய் இது. 'அடியோடு' என்று வாக்குக் கொடுப்பவரிடம் 30,000 ரூபாயைக் கொட்டப்போகிறீர்களா? பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அளந்து கொடுக்கும் புறஊதா ஒளி சிகிச்சை அவருக்குச் சரிப்படுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வெடித்த தோலில் மட்டும் அந்த உப்புச் சேற்றைப் பூச விடாதீர்கள். எரிச்சலில் மனிதர் அலறிவிடுவார்.

அப்புறம், முகம் பளபளக்க நீங்கள் ஒரு தடவை பூசிக்கொண்டால் தப்பில்லை. பூசும் முன் டப்பாவைத் திருப்பி, இறக்குமதி செய்தவர் முகவரியும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது எந்தக் கண்மாய்ச் சேறோ!