எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஹெட்செட் இரைச்சலுக்கு ரேடியோவை மாற்றத்தான் வேண்டுமா?

கேட்டிருப்பது இது: பயிற்சிப் பள்ளி செஸ்னா 172-இல் எஞ்சின் ஓடும்போது ஹெட்செட்டில் 'ஙொய்' என்று சத்தம், த்ராட்டிலை ஏற்றினால் சத்தமும் ஏறுகிறது, ரேடியோவை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

வேண்டாம். இப்போதைக்கு ரேடியோவைத் தொடவே தொடாதீர்கள். எஞ்சின் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று ரேடியோவுக்குத் தெரியாது. அதற்கு வருவது 28 வோல்ட் (பழைய விமானமானால் 14), அவ்வளவுதான். சுருதி வேகத்தோடு ஏறுகிறது என்றால் சுழலும் ஏதோ ஒன்று அந்த வோல்ட்டேஜில் கலக்கிறது. லட்சங்களில் விலை போகும் பெட்டியை மாற்றிவிட்டு அதே சத்தத்தைப் புதுப் பெட்டியில் கேட்பது இந்தத் தொழிலில் நடக்கிற வேடிக்கை.

இரைச்சலுக்கு ஊற்று ஒன்று, அது உள்ளே வரும் வழி ஒன்று. இரண்டையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். முதலில் வழி. எஞ்சின் ஓடும்போது ரேடியோ வால்யூமை அடியோடு குறையுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் அது ரிசீவர் வழியாக வரவில்லை, ஆடியோ பேனல், ஜாக், எர்த் பக்கம்தான் கோளாறு. வால்யூமோடு குறைந்தால், எஞ்சினை அணைத்து ரேடியோவின் பின்னால் உள்ள ஆண்டெனா பிஎன்சி கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் ஆண்டெனா அதைக் காற்றில் பிடிக்கிறது. போகவில்லை என்றால் பவர் வயர் வழியாக வருகிறது. ஆண்டெனா இல்லாதபோது மட்டும் பிடிடி பட்டனை (பேசுவதற்கு அழுத்துவது) அழுத்திவிடாதீர்கள்.

அடுத்து ஊற்று. சக்கரத்துக்குக் கட்டை போட்டு, பிரேக் பிடித்து, 1200 ஆர்பிஎம் அளவில் இரண்டு பாதியாக இருக்கும் மாஸ்டர் சுவிட்சில் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் கருவி) பாதியை மட்டும் அணையுங்கள். சத்தம் சட்டென்று நின்றால் ஊற்று அதுதான். (ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரியைத் தனியாகக் கழற்றிப் பார்ப்பது என்ற பட்டறை வைத்தியத்தை விமானத்தில் செய்யாதீர்கள். வோல்ட்டேஜ் எகிறி ஏவியானிக்ஸ் போய்விடும்.)

ஆனால் ஆல்டர்னேட்டர் ஊற்று என்பதால் அது கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. மூன்று பேஸ் ஏசி, அதை டிசி ஆக்க ஆறு டயோடு. 12 காந்தமுனை ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் ஒரு பேஸில் 400 ஹெர்ட்ஸ், டயோடுகள் தாண்டிய பிறகு டிசியில் மிஞ்சும் சிற்றலை 2400 ஹெர்ட்ஸ். சரியாக மனிதக் குரல் போகும் பட்டையில் வந்து விழுகிறது, அதனால்தான் இவ்வளவு எரிச்சல். ஒரு டயோடு போனால் 400 ஹெர்ட்ஸும் பெரிதாகத் தலைகாட்டும், தொனி கனத்துவிடும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பஸ்ஸில் (எல்லாக் கருவிக்கும் பவர் பிரியும் பொது இணைப்பு) பாருங்கள்: சில பத்து மில்லிவோல்ட் இயல்பு, அரை வோல்ட்டை நெருங்கினால் டயோடைச் சந்தேகப்படலாம். மீட்டருக்கு மீட்டர் அளவு மாறும் என்று சண்டைக்கு வருவோருக்கு: ஆமாம், மாறும். அதே மீட்டரால் நல்ல விமானத்தில் ஒருமுறை அளந்து ஒப்பிடுங்கள்.

டயோடு சரியென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது இந்தச் சிற்றலையை வடிகட்டும் கெபாசிட்டர். அதன் உடம்புதான் எர்த். அடியில் பெயிண்டோ துருவோ இருந்தால் கெபாசிட்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அடிக்கடி அகப்படும் குற்றவாளி ஜாக்குகள். மைக் ஜாக்கும் போன் ஜாக்கும் அலுமினியப் பேனலில் உட்காருகின்றன, ஆனால் பேனலைத் தொடக் கூடாது. நடுவில் காப்பு வாஷர் இரண்டு, ஒன்று தட்டை, ஒன்று தோள் வைத்தது. தோள் வாஷர் விரிசல் விட்டாலோ, யாரோ நட்டை இறுக்கி நசுக்கினாலோ, ஜாக் உடம்பு பேனலைத் தொடும். விளக்கும் மோட்டாரும் தங்கள் மின்னோட்டத்தைத் திருப்பி அனுப்புவது அந்த உலோக உடம்பு வழியாகத்தான், எனவே அங்கிருக்கும் சில மில்லிவோல்ட் நேரே உங்கள் காதுக்கு வரும். சோதிக்கும்போது ஜாக்கின் வயரைக் கழற்றிவிட்டு உடம்புக்கும் பேனலுக்கும் ஓம் அளந்து பாருங்கள். வயரோடு அளந்தால் எப்போதும் பூஜ்யம்தான் காட்டும், 'ஷார்ட்' என்று ஏமாந்துபோவீர்கள். ஆடியோ வயரின் ஷீல்டையும் (வயரைச் சுற்றிய உலோக உறை) ஆடியோ பேனல் முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும். இரண்டு முனையிலும் செய்வது நல்லெண்ணத்தில் செய்யும் தப்பு.

எர்த் என்றதும் ஒரு ஆதங்கம். பெரிய விமானத்தில் 115 வோல்ட் 400 ஹெர்ட்ஸ் ஏன் என்று விமானப் பராமரிப்புத் தேர்வில் கேட்டால் எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். ஷீல்டை எந்த முனையில் எர்த் செய்வாய், கிரிம்ப் (வயர் முனையை நசுக்கிப் பொருத்துவது) சரியாக விழுந்ததா என்று எப்படிப் பார்ப்பாய் என்றால் மேலே பார்க்கிறார்கள். பாண்டிங் (உலோகப் பாகங்களை மின்சாரமாக இணைப்பது) மின்தடை 0.003 ஓமைத் தாண்டக் கூடாது என்ற எண் மனப்பாடமாக இருக்கும், அதைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்க முடியாது என்பது தெரியாது.

சத்தம் 'ஙொய்' இல்லாமல் 'டக் டக்' என்று இருந்தால் மேக்னெட்டோ (ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் கருவி, எஞ்சினில் இரண்டு). சாவியை இடது, வலது என மாற்றிக் கேளுங்கள், எந்தப் பக்கத்தை அணைத்ததும் நிற்கிறதோ அதன் பி-லீட்டின் (சாவி மேக்னெட்டோவை அணைக்கும் வயர்) ஷீல்டு அறுந்திருக்கலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஷீல்டோடு உள்கம்பியும் அறுந்தால் மேக்னெட்டோவை அணைக்கவே முடியாது, கையால் ப்ரொப்பெல்லரைத் திருப்புபவர் கதி என்ன? ஐடிலில் (எஞ்சின் மெதுவாக ஓடும்போது) சாவியை ஒரு கணம் ஆஃப் செய்து எஞ்சின் தடுமாறுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எஞ்சின் வேகத்தோடு மாறாத சத்தம் என்றால் வேறு கதை: ஸ்ட்ரோப் பவர் சப்ளை, எல்இடி விளக்கு, யாரோ சொருகி வைத்த யுஎஸ்பி சார்ஜர். பிரேக்கரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தால் அகப்படும். சார்ஜருக்குப் பிரேக்கரே வேண்டாம், பிடுங்கினால் போதும்.

இதையெல்லாம் லைசென்ஸ் இல்லாமல் செய்யலாமா என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: கேட்டுப் பார்ப்பதற்கு லைசென்ஸ் வேண்டாம். எஞ்சின் ஓட்ட அனுமதி உள்ளவர் கூட இருக்கட்டும். கழற்றுவதும் மாட்டுவதும், ஜாக் வாஷராகவே இருந்தாலும், அதற்கான ஏஎம்ஈ (லைசென்ஸ் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்) கையெழுத்தோடுதான். எந்தச் சோதனையில் சத்தம் நின்றது, எத்தனை ஆர்பிஎம்மில், வால்யூம் எங்கே இருந்தது என்று ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். "ரேடியோவில் சத்தம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் ரேடியோதான் கழறும்.