பரணில் கிடக்கும் வால்வு செட்

ஐயா,
அப்பா மேலூர்ப் பக்கம் ரேடியோ செட் (மைக்செட்) வைத்திருந்தவர். அவருடைய வால்வு (கண்ணாடிக் குழல்) ஆம்ப்ளிஃபையர் இருபது வருஷமாகப் பரணில் கிடக்கிறது. மெக்கானிக் ஒருவர், "உள்ளே இருப்பதைத் தூக்கிவிட்டு ஐசி போர்டு போட்டுத் தர்றேன்" என்கிறார். மனசு கேட்கவில்லை. எனக்கு சால்ட்ரிங் வரும். நானே இறங்கலாமா? பழைய பாகங்களை மாற்றினால் மதிப்புப் போய்விடாதா?
க., மேலூர்

அன்புள்ள க.,

தாராளமாக இறங்கலாம். ஆனால் 'ஓடுதான்னு பார்ப்போம்' என்று பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். பல வருஷம் சும்மா கிடந்த எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சருக்குள் (கரண்டைத் தேக்கி வைக்கும் பாகம்) ஆக்சைடு படலம் கெட்டுப்போயிருக்கும். 230 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் அது ஷார்ட் ஆகி, மெயின் டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிடலாம். கண்டன்சர் போனால் மதுரை டவுன்ஹால் ரோட்டில் வேறு வாங்கிக்கொள்ளலாம். டிரான்ஸ்பார்மர் போனால் அதே அளவில் சுற்றித்தர ஆள் தேடி அலைய வேண்டும். அந்தப் பெட்டியின் மதிப்பே மெயின், அவுட்புட் டிரான்ஸ்பார்மர்கள் என்ற இரண்டு இரும்புக் கட்டிகளில்தான் இருக்கிறது. ஐசி போர்டு போட்டால் முதலில் வெளியே போவதும் அவைதான். (பழைய செம்புக்கு எடைக்கு என்ன விலை என்று மெக்கானிக்குகளுக்கு நன்றாகவே தெரியும்.)

கண்டன்சர் சைக்கிள் டயர் மாதிரி, தேயும் சாமான். மாற்றுவதில் குற்றமில்லை. கழற்றியதை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், போதும்.

திறந்ததும் பெரிய பில்டர் கண்டன்சர்களின் அடியைப் பாருங்கள். ரப்பர் உப்பி, பழுப்பாகப் பிசின் கசிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கசியாவிட்டாலும் மாற்றுவதுதான் என் கட்சி. மைக்ரோபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவோ கூடவோ இருக்கட்டும். பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. அடுத்து, அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (உள்ளே ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) போகும் பேப்பர் கண்டன்சர். ஆள் சின்னது, வேலை பெரிது. அது லீக் ஆனால் கிரிட்டுக்குப் பாசிட்டிவ் வோல்ட் ஏறி, கண்ணாடிக்குள் இருக்கும் சாம்பல் நிறத் தகடு சிவக்கச் சிவக்கக் காயும். பார்க்க அழகாக இருக்கும். வால்வு போய்விடும், சமயத்தில் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் கூடப் போகும். அந்த இடத்தில் 630 வோல்ட் பாலியஸ்டர் போடுங்கள். ரெசிஸ்டர்களை மீட்டரில் அளந்து, ரொம்ப விலகியதை மட்டும் மாற்றினால் போதும்.

பிறகு வால்வுகளைக் கழற்றிவிட்டு, 100 வாட் குண்டு பல்பை மெயின் லைனில் சீரிஸில் கொடுத்து ஆன் செய்யுங்கள். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. பல்பு மின்னி மங்கினால் டிரான்ஸ்பார்மர் பிழைத்தது. முழு வெளிச்சத்திலேயே நின்றால் உடனே அணையுங்கள், எங்கோ ஷார்ட். டூ கோர் ஒயராக இருந்தால் த்ரீ கோர் போட்டு, சேஸிஸை (உலோகச் சட்டத்தை) எர்த்தில் சேருங்கள். உங்கள் வீட்டு எர்த் பிளக் பாயிண்ட் வரை உண்மையிலேயே வருகிறதா என்பதையும் பாருங்கள்.

விளையாட்டில்லாத விஷயம்: இந்த செட்டுகளுக்குள் 400 வோல்ட் டிசி சாதாரணம். பிளக்கை உருவிய பிறகும் கண்டன்சரில் அது நிற்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை, கைப்பிடி மூடிய கிளிப்பால் குறுக்கே பிடித்து வடியவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். கரண்ட் இருக்கும்போது அளந்தால் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் வேண்டாம்.

வால்வு போட்டு ஓட்டும்போது ஸ்பீக்கர் இல்லாமல் சத்தம் கூட்டிவிடாதீர்கள். லோடு இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரியில் வோல்ட் எகிறி இன்சுலேஷன் உடையும். மைக்செட் ஆம்ப்ளிஃபையர் என்பதால் பின்னால் 100 வோல்ட் லைன் முனையும் இருக்கலாம். அது குழாய் ஸ்பீக்கர்களுக்கானது. வீட்டு ஸ்பீக்கரை 8 ஓம் முனையில் மாட்டுங்கள். அவுட்புட் வால்வின் நம்பரை எழுதினால் எந்த முள்ளில் (பின்னில்) எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று சொல்கிறேன்.