இடது தோளில் முந்தானை போடலாமா?

சிஸ்டரிடம் கேளுங்கள்

கேள்வி: அன்புள்ள சிஸ்டர், எனக்கு 62 வயது. மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். காய்கறி வாங்கப் போன இடத்தில் கண் இருட்டி விழுந்துவிட்டேன். நாடித் துடிப்பு 34தான் இருக்கிறது, ஹார்ட் பிளாக் என்று சொல்லி, இதயத்தைத் துடிக்கத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவியை இடது தோளுக்குக் கீழே தோலுக்குள் வைத்துவிட்டார்கள். இரண்டு மாதம் ஆகப்போகிறது. தையல் ஆறிவிட்டது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார் டாக்டர். ஆனால் நான் பழைய ஆளாக இல்லை. ராத்திரி நெஞ்சில் கையை வைத்து, துடிப்பை எண்ணிக்கொண்டே கிடக்கிறேன். இடது பக்கம் புரண்டு படுக்கப் பயம். தலை பின்னிவிடக்கூட மகள் வர வேண்டியிருக்கிறது. கருவி வைத்த இடம் மேடாக இருக்கிறது, முந்தானை அதில் உரசுவதால் எந்நேரமும் நைட்டியிலேயே இருக்கிறேன். வீட்டில் இருப்பது இன்டக்‌ஷன் அடுப்பு என்று மருமகள் என்னைச் சமையல்கட்டுக்குள் விடுவதில்லை. இந்தக் கருவி நின்றுவிட்டால் நானும் போய்விடுவேனா? வீட்டில் யாரிடமும் இதைக் கேட்க முடியவில்லை. வாயைத் திறந்தாலே அழுகை வந்துவிடுகிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை-4

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. அது தெரிந்தால்தான் மற்றது மனசில் ஏறும். பேட்டரி திடீரென்று தீர்ந்து கருவி நின்றுபோகாது. பெரும்பாலும் 8 முதல் 12 வருஷம் ஓடும். தீரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தீரும். செக்கிங் போகும்போது மிச்சம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் திரையிலேயே தெரியும். மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று காட்டிய பிறகும் சில மாதங்களுக்கு அதில் சக்தி இருக்கும். அப்போது பேட்டரி இருக்கும் பெட்டியைத்தான் மாற்றுவார்கள். அதிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயர்கள் நன்றாக இருந்தால் அவற்றைத் தொட மாட்டார்கள். அதனால் செக்கிங் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

துடிப்பது இப்போதும் உங்கள் சொந்த இதயம்தான். மேல் அறையில் புறப்படும் துடிப்பு கீழ் அறைக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் தங்கிவிடுவதுதான் ஹார்ட் பிளாக். அது வந்து சேராதபோது கருவி ஒரு சின்னத் தூண்டுதல் கொடுக்கிறது. உங்களுக்கு அது உறைக்காது. ஷாக் கொடுக்கிற கருவி வேறு, அது உங்களிடம் இல்லை.

உடலுக்குள் முழுவதுமாகப் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கர் 1958-ல் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. அது சில மணி நேரத்திலேயே நின்றுவிட்டது. மாற்றி வைத்தார்கள். அப்புறம் வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட முறை மாற்றினார்கள். அவர் 2001-ல், 86 வயதில், இதயக் கோளாறால் அல்ல, புற்றுநோயால் இறந்தார். அந்தக் கருவியைச் செய்த பொறியாளரும் பொருத்திய சர்ஜனும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார்கள். பயந்து கேட்பவர்களுக்கெல்லாம் இவர் கதையைத்தான் சொல்வேன்.

இதய வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கும் இடது காரை எலும்புக்குக் கீழே ஒன்று இருக்கிறது. எல்லாம் தெரிந்தவள்தான், ஆனாலும் முதல் சில வாரம் தலையணையில் காதை வைத்தால் துடிப்பு மட்டும்தான் கேட்டது. அதனால் உங்கள் பயத்தை வீண் பயம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மயங்கி விழுந்த உடம்பு அதைச் சீக்கிரம் மறக்காது. எனக்குக் கைகொடுத்த வழி இது: காலையில் பல் தேய்த்ததும் உட்கார்ந்து, மணிக்கட்டில் ஒரு நிமிஷம் நாடி பார்த்து, நோட்டில் எழுதி மூடிவிடுவேன். அன்றைக்கு அவ்வளவுதான். உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் குறைந்தபட்சத் துடிப்பு எத்தனை என்று போட்டிருக்கும், அனேகமாக 60. அதற்குக் கீழே போனால் போன் செய்யுங்கள். ராத்திரி எண்ணாதீர்கள். சில கருவிகளில் தூங்கும் நேரத்துக்கு இன்னும் குறைத்தே வைத்திருப்பார்கள். அது தெரியாமல் எண்ணினால் கலவரம்தான். தையல் ஆறிவிட்டதால் இடது பக்கம் படுக்கலாம். முதலில் கூச்சமாக இருக்கும், இரண்டு தலையணைக்கு நடுவில் கையை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தலை பின்னும் விஷயம். முதல் நாலிலிருந்து ஆறு வாரம் முழங்கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது, ஒயரின் நுனி இதயத்தின் உட்சுவரில் நன்றாகப் பற்றிக்கொள்வதற்காக. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, கையைத் தாராளமாக அசைய விடுங்கள். இதற்கு மேலும் உடம்போடு ஒட்டியே வைத்திருந்தால் தோள் இறுகிப்போய், அது தனி வைத்தியமாகிவிடும். மேஜையில் இடது முழங்கையை ஊன்றி, தலையை அந்தப் பக்கம் சாய்த்து, முதல் நாள் சிக்கு மட்டும் எடுங்கள். அடுத்தது ஒரு பின்னல், முன்பக்கம் போட்டுக்கொண்டு. ஒன்றிரண்டு வாரத்தில் கை தானாகப் பின்னால் போகும். கொடியில் துணி உலர்த்துவதும், பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிப்பதும் அதற்கப்புறம் வரட்டும்.

முந்தானைக்கு வருகிறேன், இதை ஆண் டாக்டர்கள் யாரும் சொல்லித் தருவதில்லை. நைட்டியை விட்டு வெளியே வாருங்கள் அம்மா. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல் புடவையாக எடுங்கள். முந்தானை மடிப்பைக் குறுக்கி, பின்னை மேட்டுக்கு நேராகக் குத்தாமல் தோள் முனைக்குத் தள்ளிக் குத்துங்கள். உள்ளாடைப் பட்டி மெல்லியதாக இருந்தால் அந்த இடத்தில் அறுக்கும், அகலப் பட்டியாக வாங்குங்கள். நான் பழைய ரவிக்கைகளில் இடது தோள் பட்டியை அரை அங்குலம் வெளியே தள்ளித் தைத்துக்கொண்டேன். கைப்பை இனி வலது தோளில்.

உங்கள் மருமகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அக்கறையில்தான் தடுக்கிறாள், ஆனால் வேலையைப் பிடுங்கிக்கொண்டால் மாமியாருக்குத் துடிப்பை எண்ணுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. இன்டக்‌ஷன் அடுப்பு எரியும்போது கருவிக்கும் அதற்கும் இரண்டடி இடைவெளி இருந்தால் போதும். கேஸ் அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர், மைக்ரோவேவ் எதுவும் ஒன்றும் செய்யாது. செல்போனை வலது காதில் வைத்துப் பேசுங்கள். ரவிக்கைக்குள் செருகும் வழக்கம் இருந்தால் அதை விட வேண்டும், 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். மெட்ரோ ஸ்டேஷனில் பேஸ்மேக்கர் கார்டைக் காட்டி, கையில் பிடிக்கும் டிடெக்டரை அந்த இடத்தில் வைக்க வேண்டாம் என்று சொன்னால் கேட்பார்கள்.

காய்ச்சல், தையல் இடத்தில் சிவப்பு, வீக்கம், நீர் கசிவு, விடாத விக்கல், திரும்பவும் தலைசுற்றல், இதில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அழுகையும் டாக்டரிடம் சொல்ல வேண்டியதுதான். இன்னும் சில வாரம் கழித்தும் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

கேள்வி: அம்பத்தூரில் பட்டறை வைத்திருக்கிறேன், ஆர்க் வெல்டிங்தான் தொழில். 49 வயதில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். தொழிலை விட வேண்டுமா?

பதில்: டாக்டரைக் கேட்காமல் வெல்டிங் ராடைக் கையில் எடுக்காதீர்கள் தம்பி. அந்தக் கரண்ட்டின் காந்தப்புலம் கருவியைக் குழப்பலாம். எத்தனை ஆம்பியரில் வேலை செய்கிறீர்கள் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். செக்கிங் நாளில் கருவிக் கம்பெனியின் ஆளும் வருவார், அவரையும் கேளுங்கள். சிலருக்குக் கட்டுப்பாட்டோடு அனுமதிப்பார்கள், சிலருக்கு வேண்டாம் என்பார்கள். அதுவரை வெல்டிங்கை ஆளிடம் விட்டு, அளவெடுப்பதையும் பில் போடுவதையும் நீங்கள் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 78 வயது, நங்கநல்லூர். சாகும் நேரத்தில் பேஸ்மேக்கர் என்னைப் போகவிடாமல் இழுத்துக்கொண்டிருக்குமா? தகனம் செய்யும்போது அதை என்ன செய்வார்கள்?

பதில்: நல்ல கேள்வி ஐயா, பலர் கேட்கத் தயங்குவது. இழுத்துப் பிடிக்காது. உடம்பு ஓயும்போது இதயத் தசை அந்தத் தூண்டுதலுக்குப் பதில் கொடுக்காது. கருவி தன்பாட்டுக்குத் துடிப்பை அனுப்பிக்கொண்டிருந்தாலும் பயனில்லை. தகனத்துக்கு முன்னால் அதைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், சூட்டில் பேட்டரி வெடிக்கும். சின்னக் கீறலில் டாக்டர் எடுத்துவிடுவார். புதைப்பதாக இருந்தால் எடுக்க அவசியமில்லை. உங்கள் பிள்ளைகளிடம் இதை இப்போதே சொல்லி, பேஸ்மேக்கர் கார்டை ஆதார் அட்டை இருக்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள்.