எக்ஸ்-மென்னும் டேவ் காக்ரமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் அனிமேஷன் படிக்கும் மாணவன். தொண்ணூறுகளில் வந்த எக்ஸ்-மென் கார்ட்டூனைப் பார்த்து, அதன் வழியாக, விசித்திர சக்திகள் கொண்ட ஒரு குழுவைப் பற்றிய அந்த அமெரிக்கக் காமிக்ஸுக்குள் நுழைந்தேன். இப்போது பழைய இதழ்களின் தொகுப்புகளைத் தேடிப் படிக்கிறேன். எங்கள் நண்பர் வட்டத்தில் தீராத சண்டை ஒன்று உண்டு. எக்ஸ்-மென்னின் சிறந்த ஓவியர் ஜான் பைர்னா, ஜிம் லீயா? நான் ஜிம் லீ கட்சி. நீங்கள் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் "எனக்கு எப்போதும் டேவ் காக்ரம்தான்" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு, எழுபதுகளில் எக்ஸ்-மென் வரைந்த அந்தக் காக்ரமின் இதழ்களைப் புரட்டினேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அவை பழையனவாகத்தான் தெரிகின்றன. கை கால்கள் பல இடங்களில் விறைப்பாக இருக்கின்றன. அவரிடம் நீங்கள் கண்டது என்ன என்று விளக்க முடியுமா?

ர., கோவை

அன்புள்ள தம்பி,

விறைப்பைக் கண்டுபிடித்த உங்கள் கண் நல்ல கண். காக்ரமின் மனிதர்கள் சில கட்டங்களில், ஸ்டுடியோக்காரர் "அசையாதீர்கள்" என்று சொன்னதுபோல் நிற்பார்கள். பைர்ன் அவரைவிடக் கைதேர்ந்த ஓவியர். ஜிம் லீயின் கோட்டில் இருக்கும் பளபளப்பும் காக்ரமுக்கு வாய்க்கவில்லை. இதையெல்லாம் ஒப்புக்கொண்டபிறகும் நான் காக்ரம் பக்கம்தான் நிற்கிறேன்.

ஒற்றை நாயகன் கதையில், கட்டத்துக்குள் இருப்பவன் யார் என்று வாசகன் தேட வேண்டியதில்லை. குழுக் கதை அப்படியல்ல. ஏழு பேர், பக்கத்துக்கு ஐந்தாறு கட்டங்கள். தீப்பெட்டி அளவு கட்டத்துக்குள்ளும் யார் யார் என்று ஒரு நொடியில் தெரிந்தாக வேண்டும். உங்கள் வீட்டுக் கல்யாணப் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பின்வரிசையில் முகம் பாதி மறைந்து நிற்பவர் பெரியப்பா என்று தோளின் சாய்வை வைத்தே சொல்லிவிடுவீர்கள். அந்தச் சாய்வை ஒன்றுமில்லாத வெள்ளைத் தாளில் உண்டாக்குவதுதான் குழுக் கதை ஓவியனின் வேலை. சண்டைக் காட்சி, வெடிப்பு, தசை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1963-இல் ஜாக் கிர்பி தொடங்கியபோது ஐந்து மாணவர்களுக்கும் ஏறத்தாழ ஒரே சீருடை. ஆகவே ஒருவனுக்குப் பெருங்கைகள், ஒருவனுக்குச் சிறகு, ஒருவனுக்குப் பனி உடல் என்று உருவத்திலேயே வேறுபாடு வைத்தார். 1969-இல் நீல் ஆடம்ஸ் வந்தார். அவர் வரைந்த ஹாவோக் என்ற பாத்திரத்தின் உடையைப் பாருங்கள். உடல் முழுக்கக் கறுப்பு, மார்பில் வட்டத்துக்குள் வட்டம். தசைத் திரட்சியைக் காட்டும் ஒளிக்கோடு ஒன்றுகூட இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கறுப்புக் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் இருப்பான். அத்தனை அழகான வேலைக்குப் பிறகும் இதழ் தாக்குப்பிடிக்கவில்லை. 1970-இல் 66-ஆம் இதழோடு புதுக் கதை நின்றது. அடுத்த ஐந்தாண்டுகள் பழைய கதைகளின் மறுபதிப்புதான்.

காக்ரம் வந்து சேர்ந்தது அந்த வெறுமையில். எப்படி வந்தார் என்பதை நான் பலமுறை நினைத்துக்கொள்வது உண்டு. அவர் அதற்குமுன் டிசி நிறுவனத்தில் 'லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்' என்ற குழுக் கதையை வரைந்துகொண்டிருந்தார். எக்ஸ்-மென்னைவிடப் பெரிய கூட்டம் அது. அந்தக் கதை வெளிவந்த 'சூப்பர்பாய்' 200-ஆம் இதழில் ஒரு திருமணக் காட்சியை இரண்டு பக்கம் பரப்பி வரைந்தார். அந்த மூலப் படத்தைத் திருப்பிக் கேட்டார். தரமாட்டோம் என்றார்கள். வேலையை விட்டுவிட்டு, எக்ஸ்-மென்னை வெளியிடும் மார்வெல் நிறுவனத்துக்குப் போனார்.

எனக்கு இது வெறும் தகவல் அல்ல. இளம்வயதில் நான் ஒரு வார இதழுக்குக் கதைப்படம் வரைந்திருக்கிறேன். ஒரு வருடம் கழித்து என் படங்களைக் கேட்டுப் போனபோது, பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அன்று பஸ்ஸில் திரும்பி வந்த நினைவு இன்னும் இருக்கிறது. ஆகவே இரண்டு பக்கத்துக்காக வேலையை விட்ட மனிதரை என்னால் வெறும் ரசிகனாக மட்டும் பார்க்க முடிவதில்லை.

அவர் மார்வெலுக்கு வந்தபோது நோட்டுப் புத்தகங்களும் கூடவே வந்தன. யாரும் கேட்காமலே பாத்திரங்களை வரைந்து நிரப்பி வைக்கும் பழக்கம் அவருக்கு. எக்ஸ்-மென் குழுவின் நைட்கிராலர் அப்படிப் பிறந்தவன்தான். காக்ரம் கடற்படையில் இருந்து குவாம் தீவில் வசித்தபோது, புயலடித்து மின்சாரம் போன ஓர் இரவில் பொழுதுபோக்காகக் கற்பனை செய்தது. பிறகு லீஜன் உலகத்துக்கு அவனைக் கொடுத்துப் பார்த்தார். பார்க்க மிகவும் வேடிக்கையாக இருக்கிறான் என்று ஆசிரியர் ஒதுக்கிவிட்டார். 1975-இல் லென் வீன் எழுதிய 'ஜெயன்ட்-சைஸ் எக்ஸ்-மென்' முதல் இதழ் அவனை வைத்துத்தான் தொடங்குகிறது. ஜெர்மனியில் ஒரு சிற்றூர், தீப்பந்தங்களோடு துரத்தும் கூட்டம், கூரைமேல் அவன். கைக்கு மூன்று விரல், பாதத்துக்கு இரண்டு, நுனி கூர்ந்த வால், குந்திய முதுகு. நிழலுக்குள் போனால் கண் மட்டும் மஞ்சளாக எரியும். ஒரே பார்வையில் பேய். அடுத்த பக்கத்தில் அவன் முகத்தைப் பாருங்கள். மிரண்டுபோன இளைஞன். பேயுருவத்துக்குள் ஒரு நல்லவனை வைத்து, அதையும் முதுகின் வளைவிலேயே காட்டியிருக்கிறார்.

குழுவின் நாயகி ஸ்டார்ம் உருவானதும் இப்படித்தான். பூனைச் சக்தி கொண்ட ஒரு பெண்ணைத்தான் முதலில் வரைந்து வைத்திருந்தார். அதற்குள் பூனைப் பெண்கள் பல இதழ்களில் வந்துவிட்டதால், வேறொரு பாத்திரத்துக்கு வைத்திருந்த வானிலைச் சக்தியை அவளுக்குக் கொடுத்தார். வெள்ளைக் கூந்தல் வைத்தால் பாட்டிபோல இருப்பாளே என்று அலுவலகத்தில் தயங்கியிருக்கிறார்கள். காக்ரம் விடவில்லை. இன்று அந்த வெள்ளைக் கூந்தல் இல்லாமல் அவளை உங்களால் நினைக்க முடிகிறதா?

உங்களைப் போன்ற மாணவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குழுவின் இன்னொரு நாயகி ஜீன் கிரே, ஃபீனிக்ஸ் என்ற புது உருவில் நீரிலிருந்து எழும் 101-ஆம் இதழ், 1976. அந்தப் பச்சை உடையை முதலில் வெள்ளையில்தான் வடிவமைத்தார். வெள்ளையும் பொன்னும். ஆசிரியர் தரப்பில் மறுத்தார்கள். அக்காலக் காமிக்ஸ் அச்சான தாள் அவ்வளவு மெல்லியது. வெள்ளையாக விட்ட இடத்தில் பின்பக்கத்து மை தெரியும். மார்பின்மேல் அடுத்த பக்கத்து வசனம் நிழலாக விழுந்தால் எப்படி இருக்கும்? ஆகவே பச்சை. அந்தப் பழைய தாளின் ஒரு இதழ் கையில் கிடைத்தால் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், புரியும். உங்களிடம் இருக்கும் தொகுப்பு வழுவழுப்பான கெட்டித் தாளில் அச்சானதாக இருக்கும். காக்ரமின் கோடு அதற்காகப் போடப்பட்டது அல்ல. மையை உறிஞ்சிப் பரப்பும் தாளுக்காகப் போட்ட தடித்த கோடு அது. உங்களுக்குப் பழையதாகத் தெரிவதில் ஒரு பங்கு இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இனி பைர்ன். 1977-இன் இறுதியில் 108-ஆம் இதழில் வந்து, 1981-இல் 143-ஆம் இதழோடு போனார். கிறிஸ் கிளேர்மான்ட்டின் எழுத்து, பென்சில் கோட்டின்மேல் டெரி ஆஸ்டினின் மை, வசனங்களுக்கு டாம் ஆர்செகவ்ஸ்கியின் கையெழுத்து, கிளினிஸின் வண்ணம் என்று கூட்டணி முழுவதும் அமைந்த காலம். உங்கள் நண்பர்கள் பைர்ன் பைர்ன் என்கிறார்களே, அதில் பாதி ஆஸ்டினுக்குப் போக வேண்டும். ஒரு எந்திரத்தின் ஒவ்வொரு திருகாணியையும், சுவரின் ஒவ்வொரு செங்கல்லையும் தனித்தனியாக மையில் எடுத்துக் கொடுத்தவர் அவர். ஃபீனிக்ஸின் வீழ்ச்சியைச் சொல்லும் 1980-ஆம் ஆண்டு இதழ்களில் 132-இன் கடைசிக் கட்டம் இருக்கிறது. தோழர்கள் எல்லோரும் பிடிபட்டுவிட்டார்கள். பாதாளச் சாக்கடை நீரிலிருந்து வுல்வரின் மட்டும் எழுகிறான். கடித்த பற்கள். இனி என் முறை என்கிறான். அதைப் பார்த்துவிட்டு அடுத்த இதழுக்காக ஒரு மாதம் காத்திருந்த வாசகர்களை நினைத்துக்கொள்ளுங்கள். குழுக் கதையில் மற்றவர்களை மறைத்து ஒருவனை முன்னுக்குக் கொண்டுவந்த கட்டம் அது.

நான் சொல்ல வருவதும் இதுதான், தம்பி. குழுவில் யார் முன்வரிசைக்கு வருவார்கள் என்பதை எழுத்தாளர் மட்டும் முடிவு செய்வதில்லை. ஓவியரின் பிரியம் முடிவு செய்கிறது. காக்ரமுக்கு நைட்கிராலர் உயிர். வுல்வரினிடம் அவருக்கு அவ்வளவு ஒட்டுதல் இல்லை. பைர்ன் இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். குழுவில் இருக்கும் ஒரே கனடாக்காரனை ஓரங்கட்ட அவர் சம்மதிக்கவில்லை. வுல்வரின் இன்று உலகம் அறிந்த முகமாக இருப்பதற்கு அந்தப் பிடிவாதம் பெரிய காரணம். ஆனால் அந்த முகம் யாருடையது? முகமூடி இல்லாத வுல்வரினை முதலில் வரைந்தவர் காக்ரம், 1976-இல், 98-ஆம் இதழில். இரு பக்கமும் கொம்புபோல் எழும் அந்த முடி, கன்னத்தில் இறங்கும் கிருதா எல்லாம் அவர் போட்டவை. தனக்குப் பெரிதாகப் பிடிக்காத பாத்திரத்துக்குக்கூட ஐம்பது ஆண்டு தாங்கும் முகத்தைக் கொடுத்திருக்கிறார். வேலையின்மேல் அவருக்கிருந்த மரியாதைக்கு எனக்கு வேறு சான்று வேண்டாம்.

பைர்னுக்குப் பிறகு காக்ரமே சில காலம் திரும்பி வந்தார். அதன்பின் 1983-இல் பால் ஸ்மித். ஓராண்டுக்கும் குறைவுதான். உங்கள் சண்டையில் அவர் பெயரே வராதது எனக்கு வருத்தம். அனிமேஷனில் வேலை செய்துவிட்டு வந்தவர் என்பதால் நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இருபது கோடு போட வேண்டிய இடத்தில் நான்கு போடுவார். 173-ஆம் இதழில், ஜப்பானில், ஸ்டார்ம் கூந்தலை மழித்து நடுவில் மட்டும் நிமிர்த்திவிட்டு, தோல் உடையில் வருகிறாள். அவளைத் தாயைப்போல் நினைத்திருந்த, குழுவின் சிறுபெண் கிட்டி அதைப் பார்த்து அழுதுகொண்டு ஓடிவிடுகிறாள். அடியும் இல்லை, உதையும் இல்லை. அந்தப் பெண்ணின் முகம் உடைகிறதை ஸ்மித் காட்டும் விதத்தில், வளர்ந்துவிட்ட ஒருவரின் மாற்றத்தை ஏற்க முடியாத பிள்ளையின் வலி முழுக்க இருக்கிறது. எனக்கு இரண்டாம் இடம் ஸ்மித்துக்கு.

பேரி விண்ட்சர்-ஸ்மித் அவ்வப்போது மட்டும் வந்தார். பனி கொட்டும் நியூயார்க் இரவில் காயம்பட்ட வுல்வரினும் ஒரு சிறுமியும் வரும் 205-ஆம் இதழ் ஒன்று போதும். பில் சின்கேவிச் வரைந்தது சகோதர இதழான 'நியூ மியூட்டன்ட்ஸ்' என்பதால் இங்கே அவரைச் சேர்க்கவில்லை. அவரைப் பற்றித் தனியாக எழுத ஆசை.

உங்கள் ஜிம் லீ. 1991-இல் அவர் வரைந்த புதிய 'எக்ஸ்-மென்' முதல் இதழ் எண்பது லட்சம் பிரதிகளுக்குமேல் போனது. ஒரே இதழ் பல அட்டைகளோடு வந்ததும் அதற்குக் காரணம் என்றாலும், வாசகர்கள் அவரை எவ்வளவு விரும்பினார்கள் என்பதில் சந்தேகமில்லை. நீங்கள் பார்த்த கார்ட்டூனில் வருபவையும் அவர் கொடுத்த உடைகள்தான். ஆகவே உங்கள் பிரியம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. முதலில் பார்த்த முகம்தான் மனத்தில் நிற்கும். அவருடைய பக்கங்களில் ஆற்றல் இருக்கிறது, அட்டையில் யாரை நிறுத்தினாலும் கண் நகராது. ஆனால் அவருடைய ஆண்கள் எல்லோருக்கும் ஒரே தோள், பெண்கள் எல்லோருக்கும் ஒரே இடுப்பு. உடையையும் முடியையும் எடுத்துவிட்டால் சைக்ளாப்ஸ் எது, மற்றவன் எது என்று எனக்குத் தெரிவதில்லை. என் குறை அவ்வளவே.

காக்ரம் 2006 நவம்பரில், 63 வயதில், சர்க்கரை நோயின் சிக்கல்களால் இறந்தார். வீட்டில், தனக்குப் பிடித்த நாற்காலியில், சூப்பர்மேன் உடை அணிந்து, பேட்மேன் போர்வை போர்த்தியபடி போனார் என்று செய்தியில் படித்தேன். கேட்ட படத்தைத் தர மறுத்த அதே நிறுவனத்தின் நாயகர்கள். அவர்கள்மேல் அவருக்குக் கோபம் இருந்திருக்கவில்லை. அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

உங்கள் பாடத்துக்கும் பயன்படும் ஒன்றைச் செய்து பாருங்கள். காக்ரமின் ஒரு பக்கத்தின்மேல் டிரேசிங் தாளை வைத்து, உள்ளே ஒரு கோடும் இல்லாமல் எல்லா உருவங்களையும் கறுப்பாக நிரப்புங்கள். அதேபோல் பைர்னில் ஒரு பக்கம், ஸ்மித்தில் ஒன்று, ஜிம் லீயில் ஒன்று. பிறகு எக்ஸ்-மென் தெரிந்த நண்பர் ஒருவரிடம் நான்கையும் காட்டி, யார் யார் என்று கேளுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை பேரைச் சரியாகச் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் ஜிம் லீ வென்றாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்